ராத்திரி மீனும் அத்தையின் தூக்கமும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "அந்தக் காலத்துக் கல்கத்தா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். டிராம், துர்கா பூஜைப் பந்தல், முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போனது. சொல்லும்போதே உங்களுக்குக் கண் கலங்குகிறது. எனக்கு அந்த வியாதி இல்லை. நானும் இங்கே பாலிகஞ்சில்தான் பிறந்து வளர்ந்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி ஒரே ஒரு மழைக்காலத்தை மட்டும் அவ்வப்போது எடுத்துக் கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால் நல்லதுதான். இதுவரை வலித்ததில்லை.

போன வாரம் நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னீர்கள், நான் மட்டும் வடையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடனுக்கு இது. எங்கள் வீட்டில் கடல்மீன் வளர்த்த கதை.

எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டிய சந்தில், முதல் மாடி. கீழே வீட்டுக்காரி. நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்ட வங்காளி அம்மாள். மேலே அப்பா, அம்மா, நான். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுக ஆபீசில் வேலை. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் நாலாவதாக அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கை. இரும்பாலை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஆலையில் நடந்த விபத்தில் அத்திம்பேர் போய்விட்டார். குழந்தை கிடையாது. அப்பா போய் ஒரு தகரப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். அத்தைக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது.

அத்தை அழவில்லை. அம்மாவுக்கு அதுதான் முதல் சந்தேகம். அடுத்தது அவள் தூக்கம். காலையில் நாங்கள் காபி குடிக்கும் நேரத்தில் வராந்தாவை ஒட்டிய சின்ன அறைக்குப் போய், ஜன்னலில் கறுப்புக் கம்பளியைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதுதான் எழுந்திருப்பாள். ராத்திரி முழுக்க அடுக்களையில் விளக்கு எரியும். அரிசியில் கல் பொறுக்குவாள், ஓசைப்படாமல் பாத்திரம் தேய்ப்பாள், என் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். விடியும்போது பாதி வீட்டு வேலை முடிந்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்? பகல் பத்து மணிக்குக் குப்புறப் படுத்துக் கிடப்பவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நாலு பேர் வந்து போற ஆத்துல, பட்டப்பகல்ல இப்படிக் கிடந்தா என்ன நினைப்பா?" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். "துக்கம்னா வாய்விட்டு அழணும். இது வேற என்னமோ. ஏன்னா, பூஜை வரைக்கும் பாருங்கோ. அதுக்குள்ள தேறலேன்னா டாக்டர்ட்ட காமிச்சு எங்கயாவது சேர்த்துடுங்கோ. அவளுக்கும் நல்லது."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார் அப்பா.

எங்கயாவது என்றால் எங்கே என்று எனக்கும் தெரியும். வெளியூரில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் அந்த ஊர் பேரைச் சொல்லித்தானே ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வோம். அத்தைக்கும் தெரிந்திருக்கும். சின்ன வீடு, சுவருக்கெல்லாம் காது உண்டு. மகாளய அமாவாசை நெருங்க நெருங்க அவள் பகலில் விழித்திருக்க முயற்சி பண்ணினாள். உட்கார்ந்த இடத்திலேயே தலை சாயும். ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டாள். அதையும் அம்மா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மீன் வந்தது இதற்கு நடுவில்.

அந்தமானுக்குப் போய்வரும் கப்பலில் ஒரு எஞ்சினியர். தூத்துக்குடிக்காரர். கப்பல் கிடர்பூரில் நிற்கிற நாட்களில் தமிழ் பேச ஆள் தேடி எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மாவின் ரசத்தை டம்ளர் டம்ளராக வாங்கிக் குடிப்பார். வாய் ஓயாது. ஒரு தடவை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மைக் கூலியாளிடம் தூக்கச் சொல்லிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சார், பவளப்பாறை மீனு. காசு குடுத்தாலும் கெடைக்காது, பாத்துக்கிடுங்க. உங்களுக்குன்னு ஆசையா கொண்டாந்தேன்."

உள்ளங்கை நீளம் இருந்தது. குங்குமச் சிவப்பு. உடம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடுகள், முதுகில் முள் விசிறி. முகத்தில் பாதி கண்தான். முட்டைக்கண்ணன் என்று நான் பேர் வைத்தேன். கூடவே ஒரு பாறைத் துண்டும் வந்தது, நடுவில் பொந்து உள்ளது. அப்பா அன்று சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அம்மா யோசித்தாள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள்: "உசிரோட இருக்கற வரைக்கும் தோஷமில்லை. பெருமாள் எடுத்த முதல் அவதாரமாக்கும்."

ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து, டிரம்மில் வந்த கடல்தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீரில் குமிழி விட ஒரு குட்டி மோட்டார், மேலே பளீரென்று டியூப்லைட். மீன் உள்ளே விட்ட மறு நிமிஷம் பொந்துக்குள் போயிற்று. போனதுதான். அப்பா ஆபீஸ்காரர்களை ஒவ்வொருத்தராகக் காபிக்குக் கூப்பிட்டார். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். "கல்லு நன்னா இருக்கு சார்" என்றார் ஒருத்தர். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் இன்னொரு விளக்கு வாங்கி வந்து பொந்துக்கு நேராக மாட்டினார். மீன் இன்னும் உள்ளே போயிற்று.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் போட்டோம். ஊறவைத்த பாசிப்பருப்பு போட்டோம். ஏகாதசியன்று அதற்கும் அவல்தான். எதையும் தொடவில்லை. தண்ணீர் கலங்கி, புளித்த வாடை அடித்தது. "சீக்கு மீனைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா. அப்பா அதற்குச் சோம்பேறி என்று பட்டம் கொடுத்தார்.

லோட்ஷெடிங் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போகும், சந்து முழுக்க "ஜா!", போச்சு என்று ஒரு சத்தம் எழும்பும். அப்படி ஒரு மழைச் சாயங்காலம். அம்மா அரிக்கேன் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். மோட்டார் நின்றுபோனதால் ஹால் நிசப்தமாக இருந்தது. தொட்டிப் பக்கம் கட், கட் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தால், முட்டைக்கண்ணன் வெளியே வந்து தொட்டியை வளைய வந்துகொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவன் போட்டதுதான். இருட்டில் சிவப்புத் தெரியாது. கறுப்பாக, கண்ணும் முள்ளுமாக, வீடு தனக்குத்தான் சொந்தம் என்கிற மாதிரி திரிந்தான்.

"எத்தனை அழகா நீஞ்சறது பாரேன்!" என்று பக்கத்தில் ஒரு குரல். அத்தை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. மோட்டார் இல்லை, தண்ணீரில் காற்று இல்லை. அத்தை அடுக்களைக்குப் போய் டபரா டம்ளரைக் கொண்டுவந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, டபராவுக்கும் டம்ளருக்குமாகக் கை உயர்த்தி, காபி ஆற்றுகிற மாதிரியே ஆற்றினாள். நுரை பொங்கப் பொங்கத் திரும்ப ஊற்றினாள். மறுபடி மொண்டாள். கரண்ட் வரும்வரை கை ஓயவில்லை. மீன் கீழே இறங்கி, நிதானத்துக்கு வந்து, மறுபடி வளைய வந்தது. கரண்ட் வந்ததும் மீன் பொந்துக்குள் போயிற்று. அத்தையும் எழுந்து உள்ளே போனாள். அப்பா ஆபீஸ் விட்டு வந்தபோது கல்தான் இருந்தது. நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து தினம் இதுதான். ஊரே லோட்ஷெடிங்கைச் சபிக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதற்காகக் காத்திருப்போம். இருட்டில் அத்தை பேசுவாள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. அந்த இரும்பாலை ஊரில் ராத்திரி வானம் திடீர் திடீரென்று சிவக்கும் என்பாள். தனக்குச் சின்ன வயதில் நீந்தக் கற்றுக்கொள்ள ஆசை என்பாள். கை மட்டும் ஆற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மாஷிமா தீப்பெட்டி கேட்டு மாடிக்கு வந்தவள், தொட்டியில் மிதந்த பருக்கைகளைப் பார்த்துவிட்டாள். "ஓ மா! மீனுக்குத் தயிர்சாதமா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மாஷிமாவும் புருஷன் போனதிலிருந்து மீனைத் தொடாதவள்தான். ஆனால் அவள் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. மறுநாள் குஞ்சு இறால்களை இலையில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள். செத்தது எதுவும் படி தாண்டக் கூடாது. இரண்டு பேரும் அரைகுறை வங்காளியிலும் அரைகுறை இந்தியிலும் வாதாடி, கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வராந்தா வீடாகாது. தொட்டி வராந்தாவுக்குப் போகட்டும். இறால் படி வழியாக வராமல், காய்கறி இறக்குகிற கயிற்றுக் கூடையில் கீழேயிருந்து நேராக வராந்தாவுக்கு ஏறட்டும். தொட்டவர் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். யார் தொடுவது? அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை சரி என்றாள்.

இருட்டில் அத்தை போட்ட இறாலை மீன் லபக்கென்று பிடித்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. ராத்திரி வேளையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றாள். அம்மா அதையும் பார்த்தாள்.

பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் திரும்பி வந்தது. எஞ்சினியர் டின்னில் கடல்தண்ணீரோடு வந்தார். அப்பா அவரிடம் மீனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்.

"அட, சொல்ல மறந்துட்டேன் சார்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார் அவர். "இது ராத்திரி மீனுல்லா! பகல்ல பாறைப் பொந்துல கெடந்து ஒறங்கும். அந்தக் கண்ணப் பாத்தாலே தெரியல? வெளிச்சம் ஆகவே ஆகாது. பவளப்பாறைல ரெண்டு ஷிஃப்ட் சார். பகல்ல மஞ்சளும் நீலமுமா ஒரு கூட்டம் மேயும். பொழுது அடைஞ்சா அதுக உள்ள போவும், இதுக வெளிய வரும். ஒரே பொந்துல பகலுக்கு ஒருத்தன், ராத்திரிக்கு ஒருத்தன் படுத்துக்கிடுவான். ஒண்ண ஒண்ணு எழுப்பாது."

கதவோரம் நின்றிருந்த அத்தை, "அப்போ இது சி ஷிஃப்ட்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புருஷன் போய் நாலு மாசம்கூட ஆகாதவள், அந்நிய ஆண்பிள்ளை எதிரில். எஞ்சினியர் ரசத்தை வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

எஞ்சினியர் சொன்னால் வேதவாக்கு. மறுநாளே வீடு மாறிவிட்டது. வராந்தா விளக்கைக் கழற்றினார் அப்பா. பகலில் வராந்தாவில் ஓடக்கூடாது, ரேடியோவைச் சத்தமாக வைக்கக்கூடாது, மீன் தூங்குகிறது. தொட்டியை மூட கனமாக, கறுப்பாக ஒரு துணி தேவைப்பட்டது. அம்மா உள்ளே போய் அத்தை ஜன்னலில் கட்டியிருந்த கம்பளியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். "அவளுக்கும் கொஞ்சம் வெயில் படட்டும்" என்றாள்.

நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இப்படித்தான் நடந்தது. அப்பா, அம்மா, கதவோரம் அத்தை, தரையில் நான். எல்லோரும் அறிவுள்ளவர்கள். ஒருத்தருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தசமி கழிந்ததும் ஆபீஸ் டாக்டர் வந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று. வராந்தாவில் அத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் அரிக்கேன் வெளிச்சத்தில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் அப்பாவைக் கேட்டார்.

"ராத்திரி தூங்குகிறாரா?"

"இல்லை."

"பகலில்?"

"எழுப்பினால்கூட எழுந்திருக்க முடிவதில்லை."

"காரணமில்லாமல் சிரிப்பது?"

"ஒரு தடவை."

"இதை எத்தனை நாளாகச் செய்கிறார்?"

"எதை?" என்றார் அப்பா. பிறகு திரும்பி வராந்தாவைப் பார்த்தார். தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இதுவா? ரொம்ப நாளாக" என்றார்.

"மீனுக்கு மூச்சு முட்டறதுன்னுதான் அத்தை..." என்று நான் ஆரம்பித்தேன். "பெரியவா பேசறப்போ என்னடி?" என்று அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அத்தையை அனுப்பியது ஒரு பகல் வேளையில். டாக்ஸி வந்து நின்றபோது அவள் தூக்கத்தில் இருந்தாள். அம்மாதான் எழுப்பித் தலை வாரிவிட்டாள், புடவை மடிப்பைச் சரி பண்ணினாள், வழிக்கு எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்தாள். அழுதாள்கூட. அத்தை தூக்கக் கலக்கத்தில் என்னிடம், "டம்ளரை உசரத் தூக்கி ஆத்து, அப்பதான் நுரைக்கும்" என்றாள். அப்பா அவள் தோளைப் பிடித்து டாக்ஸியில் ஏற்றினார்.

நான் ஆற்றினேன். என் கை அத்தனை உயரம் எட்டவில்லை. இரண்டாம் நாளே அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்கும் தொத்திண்டுடுத்தா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பயத்தில்தான் அடித்தாள், இப்போது தெரிகிறது. காளி பூஜைக்கு முன்னாலேயே ஒரு நீள லோட்ஷெடிங்கில் மீன் செத்துப்போயிற்று. ஏதோ பட்டாசுச் சத்தத்தில் அதிர்ந்துபோய்ச் செத்திருக்கும் என்று அப்பா முடிவு கட்டினார். செத்ததை எடுக்க மாஷிமா மேலே வந்தாள். "பேச்சாரா" என்றாள், பாவம் என்று. மீனைச் சொன்னாளா, வேறு யாரைச் சொன்னாளோ, தெரியாது.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் அத்தை திரும்பி வந்தாள். குணமாகிவிட்டது என்றார்கள். ஆமாம், ராத்திரி எல்லோரோடும் படுத்தாள், காலையில் எல்லோரோடும் எழுந்தாள். மாத்திரை இருந்தது. சமைத்தாள், கோலம் போட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். லோட்ஷெடிங் வந்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கரண்ட் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். "தங்கமா ஆயிட்டா" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள், பயறு உடைத்துக்கொண்டே அத்தை சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை. "உங்க அத்திம்பேர் எப்பவும் சி ஷிஃப்ட். வெயில்ல உலையண்ட நிக்க முடியலைன்னு ராத்திரியாவே கேட்டு வாங்கிப்பார். அவர் அங்க நெருப்புல நிக்கறப்போ எனக்கு இங்க எப்படித் தூக்கம் வரும்? முழிச்சுண்டிருப்பேன். காலம்பற வருவார். சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் ஜன்னலை மூடிண்டு தூங்குவோம். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான்." அவ்வளவுதான். பயறு உடைந்துகொண்டே இருந்தது.

"அப்பாட்ட சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"யாராவது கேட்டாளா?" என்றாள்.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை. அத்தை என்னோடு இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மட்டும் மந்தம். போன மாதம் என் பெண் பெங்களூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு இங்கே வந்தாள். அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர். விடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் பிற்பகல்தான். இந்தக் காலத்தில் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வேலைக்காரி கூட, "தீதி நைட் டியூட்டி" என்று விளக்குமாற்றை மெதுவாகப் போடுகிறாள்.

என் பெண் வந்த மூன்றாம் நாள் பகலில் அத்தை அந்த அறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெண் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் வராரா?" என்றாள் அத்தை.

"எந்த டாக்டர்?"

"இவளைப் பார்க்க."

"இல்லை அத்தை. இவளுக்கு ராத்திரி வேலை. அதான் தூங்கறா." காது மந்தம் என்பதால் இரண்டு தடவை சொன்னேன்.

"எனக்குத் தெரியறதுடி" என்றாள். "டாக்டருக்குத் தெரியணுமே."

அப்புறம் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை, கால் தரையில் உரசாமல், தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றாள். படுத்துக்கோ அத்தை என்றேன், என் பக்கம் திரும்பவில்லை. மூன்று மணி வாக்கில் வாசல் மணி அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பார்சல் கொண்டுவந்த பையன். கதவை ஒரு விரற்கடை திறந்து, உள்ளே தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, நல்ல வங்காளியில் அவனிடம் சொன்னாள்:

"இந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை."